ஒரு வேட்டுக்கு ஒரு குடம் வெந்நீர்

போன வாரம் சித்தப்பா பையன் போனில் கேட்டான். "அண்ணே, அப்பாவுக்கு 70 முடிஞ்சிட்டு. துப்பாக்கி லைசென்ஸை என் பேருக்கு மாத்திக்கவா, இல்ல ஒப்படைச்சிட்டு நிம்மதியா இருக்கவா?" அப்போது நான் கொல்லையில் குழலை வாளிக்குள் நிறுத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கரி. நல்ல பதில் சொல்லும் நிலையில் இல்லை. அதனால்தான் இது.

என்னுடையது ஒற்றைக்குழல், வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற கேப்புத் துப்பாக்கி. லைசென்ஸில் எஸ்.பி.எம்.எல். (சிங்கிள் பேரல் மஸில் லோடிங்) என்று போட்டிருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்காகத் தாத்தா வாங்கியது. என் பேருக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. கொள்ளிடப் படுகையில் வாழை போட்டவனுக்குப் பன்றி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நான் எதையும் சுடுவதில்லை. ஈய ரவை போடாமல், மருந்தும் தேங்காய் நாரும் மட்டும் வைத்து இடித்து, ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஓடிவிடும். பன்றிக்காக எடுத்த துப்பாக்கிதான். இப்போதெல்லாம் பன்றி வராவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். கருமருந்து எரிந்தால் எல்லாமே புகையாகப் போய்விடுவதில்லை. பாதிக்கு மேல் உப்பும் கரியுமாகத் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு குழலுக்குள் அப்பிக்கொள்ளும். அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஐப்பசியில் ராத்திரி ஒரு வேட்டு போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் குழல் வாயில் மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். ஆகவே எத்தனை மணியானாலும் அடுப்பை மூட்டியாக வேண்டும். முதல் தண்ணீர் மை மாதிரி வரும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. இரண்டாவது சாம்பல் கழுவியது போல. நாலாவது ஐந்தாவதில்தான் தெளியும். வெந்நீர் ஏன் என்றால், குழல் சூடேறித் தன்னால் உலர்ந்துவிடும். அப்புறம் துணி, அப்புறம் எண்ணெய். வேட்டு ஒரு நொடி, கழுவுவது முக்கால் மணி நேரம். வீட்டில் இதற்கென்று ஒரு வாளி தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அதை வேறு யாரும் தொடுவதில்லை.

வெளிநாட்டில் இந்த ஜாதித் துப்பாக்கிக்கென்றே போட்டிகள் இருக்கின்றன. அரைமணி நேரத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. என் துப்பாக்கியில் ஆறாவது வேட்டுக்கே மருந்து இடிக்கிற கம்பி பாதிக் குழலில் நின்றுவிடும், அவ்வளவு கசடு. கேப்பை மாட்டுகிற நிப்பிளின் ஓட்டை அடைத்துக்கொண்டால் கேப்பு மட்டும் 'டிக்' என்று வெடித்து, மருந்து உள்ளே அப்படியே கிடக்கும். அந்த நேரம் குழலை வெளிப்பக்கம் திருப்பியபடியே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எட்டிப் பார்க்கிற ஆசை வரும். பார்க்கக் கூடாது.

2024 தேர்தலுக்கு லைசென்ஸ்காரர் எல்லோரையும் போல நானும் துப்பாக்கியை ஒப்படைத்தேன். ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. திரும்பி வந்தபோது கேப்பை அடிக்கிற குதிரை அசையவில்லை, நிப்பிள் மரையோடு இறுகிவிட்டது. வைத்திருந்த இடத்தைப் பற்றி ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். பழுது பார்த்தவர் பெரியவர், உள்ளே விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தார். "கழுவாம எண்ணெய் விட்டிருக்கீங்க தம்பி. உப்பு மேல எண்ணெய் விட்டா உப்பு எங்க போவும்?" கொடுப்பதற்கு முதல் நாள் ராத்திரி ஒரு வேட்டு போட்டிருந்தேன். விறகு ஈரம், சோம்பல், துணியால் துடைத்து எண்ணெய் பூசியதோடு சரி. புது நிப்பிளும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய். நான் திட்டியதை யாரிடமும் வாபஸ் வாங்கவில்லை.

தஞ்சாவூர்க் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கிறதே, ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, அதுவும் வாய்வழி கெட்டிப்பதுதான். வார்த்தது அல்ல, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாக ஏற்றி, காய்ச்சி அடித்துச் செய்தது. வெட்டவெளியில் இத்தனை மழைக்காலம் நின்றும் ஆள் அப்படியே இருக்கிறார். இருக்க மாட்டாரா, தினமும் அவரை யார் சுடுகிறார்கள்?

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். மார்கழி விடியலில் ஒரு வேட்டு போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாத் துப்பாக்கி 'டப்' என்று அறையும், இது 'தொம்' என்று தோளைத் தள்ளும். வெள்ளைப் புகை பனிக்குள் புகுந்து, மேலே ஏறாமல், வாழை மட்டத்துக்கு அப்படியே படுத்துக்கிடக்கும். சத்தம் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி வரும்வரை தவளைகூட வாய் திறக்காது. கந்தக வாசனை மத்தியானம் வரைக்கும் சட்டையில் இருக்கும். ஊர்க் கோயில் அதிர்வேட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டு நின்ற எட்டு வயதுப் பையன் என்னை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

ஆகவே தம்பி, ஒப்படைத்துவிடு. உனக்கு ஏசி ரூம் வேலை, ராத்திரி எழுந்து வெந்நீர் போடுகிற ஆளில்லை நீ. புதுப்பிக்க அலையும் நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம். என்னுடையதற்கு இந்த வருஷம் புதுப்பிக்க மனு கொடுத்தாயிற்று.

ஒப்படைக்கும்போது சித்தப்பாவிடம் நிப்பிளைக் கழற்றுகிற அந்தச் சாவியை மட்டும் எனக்குக் கேட்டு வை. என்னுடையது வாய்க்காலில் விழுந்துவிட்டது.