திறமூல இதழுக்குக் கட்டுரைகள்: சன்மானமா, திறந்த அழைப்பா, தேடிப் போய்க் கேட்பதா?

நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து வைக்கும் மென்பொருள்களைச் சுற்றி இயங்கும் திறமூலச் சமூகம் நடத்தும் தொழில்நுட்ப இதழுக்குக் கட்டுரைகளும் எழுதுவோரும் பெருக வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. கட்டுரைக்குச் சன்மானம் தரலாம். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்று பொதுவாக அறிவிக்கலாம். இரண்டும் இல்லையென்றால், மென்பொருளை உருவாக்குகிறவர்களை ஆசிரியர் குழுவே தேடிப் போய், இன்ன பொருளைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்கலாம். எங்கள் இதழில் இந்த மூன்றையும் நீண்ட நாள் விவாதித்து, கடைசி வழியைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். இந்த ஒப்பீடும் அந்தச் சார்போடுதான் எழுதப்படுகிறது.

தெரிந்த வேறுபாடுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சன்மானத்துக்குப் பணம் வேண்டும். திறந்த அழைப்புக்கு அறிவிப்பு ஒன்று போதும். தேடிப் போவதற்கு ஆசிரியர்களின் நேரம் வேண்டும், அதுவும் நிறைய. கட்டுரைகள் விரைவாக வந்து குவிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

சன்மானம் நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. 1998இல் தொடங்கிய எல்டபிள்யூஎன் என்ற லினக்ஸ் செய்தித் தளம் இதற்கு நல்ல சான்று. அது 2002 முதல் சந்தாதாரர்களின் பணத்தில் நடக்கிறது. வெளியிலிருந்து எழுதுவோருக்கும் பணம் தருகிறது. சந்தாக் கட்டுரைகள் சில நாள் கழித்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலின் உள்விவகாரங்களை அந்த ஆழத்தில் தொடர்ந்து எழுதும் இடங்கள் மிகக் குறைவு. ஆனால் அங்கே வருகிற கட்டுரைகளின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஒரு மாற்றம் ஏன் முன்மொழியப்பட்டது, யார் எதிர்த்தார்கள், எப்படி முடிந்தது என்று பதிவு செய்யும் கட்டுரைகளே அங்கு அதிகம். அவை பழையனவாகும், ஆனால் பிழையாவதில்லை. பத்து ஆண்டு கழித்துப் படித்தாலும் அந்தக் காலத்து நிலையைச் சரியாகவே சொல்லும். சமூக இதழ்களில் பெரும்பாலும் வருவதோ செய்முறைக் கட்டுரைகள். நிறுவுவது, இணைப்பது, பழுது நீக்குவது போன்றவற்றைச் சொல்லும் கட்டுரைகள் சில மாதங்களிலேயே தவறாகிவிடக்கூடும்.

திறந்த அழைப்பைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது. பரிசோ பெயரோ கிடைக்கும் என்று பொதுவாக அறிவித்தால் என்ன வரும் என்பதை திறமூலத்துக்குப் பங்களிப்போரை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020ஆம் ஆண்டில் காட்டியது. நான்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது நிரலில் சேர்க்கச் சொல்லும் மாற்றங்கள், அனுப்பினால் டி-சட்டை என்று அறிவித்திருந்தார்கள். சொற்களை இடம் மாற்றியும் தேவையற்ற வரிகளைச் சேர்த்தும் ஆயிரக்கணக்கில் வந்து குவிய, மென்பொருள்களின் பராமரிப்பாளர்கள் அவற்றை நிராகரித்து மூடியே களைத்துப்போனார்கள். அந்த மாதம் முடியும் முன்பே விதிகளை மாற்றி, தாமாக முன்வந்து சேரும் களஞ்சியங்களை (மென்பொருளின் நிரல் வைக்கப்படும் இடங்களை) மட்டும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று. கட்டுரைகளுக்கும் இதே நிலைதான். இப்போது இயந்திரம் எழுதித் தரும் வரைவுகளும் சேர்ந்துவிட்டன. பார்க்க ஒழுங்காக இருக்கும்; கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும்போதுதான் அனுப்பியவரே அவற்றை ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பது தெரியும். அழைப்பைத் திறந்தே வைக்க விரும்புகிறவர்கள் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சமூகம் நடத்தும் ஃபெடோரா மேகசினின் நடைமுறையைப் பின்பற்றலாம். அங்கே முதலில் கட்டுரையின் கருவை மட்டும் முன்மொழிய வேண்டும். ஆசிரியர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும். இரு தரப்பு உழைப்பும் வீணாகாது.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது கட்டுரைகள் எப்படி வருகின்றன என்பதல்ல. வெளியான கட்டுரையை இரண்டு ஆண்டு கழித்து யார் திருத்துவார் என்ற கேள்விதான் தீர்மானித்தது. விவாதத்தில் இதை முன்னே வைத்தவுடன் மற்ற வாதங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

2023 ஜூனில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பு வெளியானபோது நடந்ததைப் பாருங்கள். அதுவரை பைத்தான் நிரல்தொகுதி ஒன்றை நிறுவச் சொல்லித் தரும் கட்டுரைகளில் பல, சுடோ எனப்படும் நிர்வாகி உரிமையோடு, பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் கட்டளையை ஓட்டச் சொல்லின. பைத்தான் சமூகத்தின் பெப் 668 என்ற விதிமுறையை ஏற்ற டெபியன், இயங்குதளத்தின் சொந்தப் பைத்தான் சூழலில் பிப் கைவைப்பதைத் தடுத்தது. டெபியனின் நிறுவுக் கருவியான ஆப்ட் நிறுவியதை பிப் மாற்றி எழுதி இயங்குதளமே பழுதாகும் ஆபத்தைத் தவிர்க்கும் நல்ல மாற்றம் இது. ஆனால் பழைய கட்டுரையைப் பார்த்துத் தட்டச்சு செய்த புதியவருக்குக் கிடைத்தது பிழைச் செய்தி. அதே கட்டுரையின் அடியில் யாரோ ஒருவர், தடையை உடைக்கும் விருப்பத்தேர்வைச் சேர்த்தால் போதும் என்று எழுதி வைப்பார். இயங்குதளத்தைத் தொடாத தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதில் நிறுவுங்கள் என்ற சரியான விடை கட்டுரைக்குள் வருவதே இல்லை, ஏனென்றால் எழுதியவர் அங்கே இல்லை.

இது ஒரு விதிவிலக்கு அல்ல. டெபியனுக்கு வெளியே உள்ள மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கும்போது அதன் சரிபார்ப்புச் சாவியைப் பதிய ஆப்ட்-கீ கட்டளையைச் சொன்ன கட்டுரைகள் எண்ணற்றவை. டெபியன் 13இல் அந்தக் கட்டளையே நீக்கப்பட்டுவிட்டது. பல மென்பொருள்களைச் சேர்த்து இயக்கும் கருவியின், நடுவில் கோடு போட்டு எழுதும் பழைய வடிவமான டாக்கர்-கம்போஸுக்கு 2023 ஜூலையோடு புதுப்பிப்புகள் நின்றன. ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆதரவு பதின்மூன்று மாதம் அளவில்தான். இந்த வேகத்தில் நகரும் உலகத்தில் செய்முறைக் கட்டுரை வெளியான நாளில் அதன் வேலை முடிவதில்லை. தவறான கட்டுரை, கட்டுரையே இல்லாததைவிடத் தீங்கு செய்யும்; புதியவர் தன் மீதே சந்தேகப்பட்டு விலகிப் போகிறார். திறமூலத்துக்குள் ஆட்கள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதழே நடத்துகிறோம் என்பதால் இது எனக்குப் பொறுக்க முடியாத இழப்பாகப்படுகிறது.

இப்போது மூன்று வழிகளையும் இந்த ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம். சன்மானம் பெற்று எழுதியவரின் கடமை பணம் வந்தவுடன் முடிகிறது. அது அவர் குற்றமல்ல, ஒப்பந்தம் அப்படி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி பணம் தர வேண்டும். சேவையகங்களை வாடகைக்குத் தரும் டிஜிட்டல் ஓஷன் போன்ற நிறுவனம், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நீண்டகால ஆதரவு வெளியீடுகளுக்குத் தன் கட்டுரைகள் பலவற்றைப் புதிதாக எழுதி, பதிப்பு எண்ணையும் தலைப்பிலேயே போட்டு வந்தது. அந்தக் கட்டுரைகளைப் படித்து வருகிறவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள் என்பதால் அந்தச் செலவு அதற்குக் கட்டுப்படியாகும். தன்னார்வ இதழுக்கு அது இயலாது. திறந்த அழைப்பில் வருகிறவர்களோ பெரும்பாலும் ஒரே கட்டுரையோடு போய்விடுகிறார்கள்.

தேடிப் போய்க் கேட்டு எழுத வைத்தவரின் நிலை வேறு. அவர் அந்த மென்பொருளின் களஞ்சியத்திலேயே இருக்கிறார். மாற்றம் வெளியாகும் முன்பே அவருக்குத் தெரியும்; சில நேரம் மாற்றத்தைச் செய்தவரே அவராக இருப்பார். கட்டுரை பிழையானால் முதலில் தொல்லைப்படுவதும் அவர்தான், ஏனென்றால் அதைப் பின்பற்றித் தடுமாறியவர்கள் வழு அறிக்கை, அதாவது பிழை முறையீடு, போடுவது அவருடைய களஞ்சியத்தில்தான். ஆகவே திருத்துவதில் அவருக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. அந்த அக்கறையைச் சன்மானத்தால் உண்டாக்க முடியாது.

கேட்கும் முறையும் முக்கியம். "எங்களுக்கு ஒரு கட்டுரை தாருங்கள்" என்றால் பெரும்பாலும் மறுப்புதான் வரும், அல்லது ஒப்புக்கொண்டு மறந்துவிடுவார்கள். வழு அறிக்கை ஒன்றில் அவர் யாருக்கோ பொறுமையாக எழுதிய விளக்கத்தை எடுத்துக் காட்டி, "இதையே விரித்து எழுதுங்கள், இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சேருங்கள்" என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. கட்டுரையின் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. நிரல் எழுதுகிற பலருக்குத் தங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணம் இருக்கிறது. எழுத வராது என்பதைவிட இதுதான் பெரிய தடை. புதிய பங்களிப்பாளர்களையும் இதே வழியில் அணுகலாம். மென்பொருளின் நிரலை முதன்முதலாகத் தன் கணினியில் தொகுத்து (இயங்கும் வடிவாக்கி) ஓட்டியவருக்கு எங்கெங்கே இடறியது என்பது நினைவில் இருக்கும். பழையவர்களுக்கு அது மறந்துபோயிருக்கும்.

மொழி சரியில்லை என்று தயங்குகிறவரிடம், மொழியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கட்டளைகளும் காரணங்களும் உங்களுடையவை என்று உறுதி தர வேண்டும். வரைவு வந்தால் உடனே பதில் போக வேண்டும்; நாள் கடந்தால் ஆர்வம் வடிந்துவிடும். கட்டளைகளை வேறொருவர் புதிதாக நிறுவிய கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதுவதே வேண்டாம் என்று மறுக்கிறவரோடு உரையாடி, அதை ஆசிரியரே கட்டுரையாக்கும் முறையும் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தான் எழுதாத கட்டுரையைத் திருத்த அவர் திரும்பி வருவாரா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நாங்கள் அதைச் செய்து பார்க்கவில்லை.

இந்த வழியின் பலவீனமும் பெரியதுதான். எல்லாப் பாரமும் ஆசிரியர்கள் மேல் விழுகிறது. 2010இல் தொடங்கிய ஓப்பன்சோர்ஸ்.காம் என்ற திறமூல இதழ்த் தளம் எழுத்தாளர்களுக்குச் சன்மானம் தராமலே பெரிய சமூகத்தைத் திரட்டியது. அதைத் தாங்கியது ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனம் சம்பளம் கொடுத்த ஆசிரியர் குழு. 2023இல் அந்தக் குழு ஆட்குறைப்பில் போனதும் புதிய கட்டுரைகள் நின்றன. எழுதுவோர் அப்போதும் இருந்தார்கள். சிறிய குழுவுக்கு நாங்கள் சொல்வது பொருந்துகிறது. மாதந்தோறும் பல பத்துக் கட்டுரைகள் வெளியிடும் இதழுக்கும் பொருந்துமா என்பதை எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர்குறிப்பிடல்-அதேமாதிரிப்பகிர்தல் உரிமத்தில், அதாவது எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் யாரும் திருத்திப் பகிரலாம் என்ற அனுமதியோடு, வர வேண்டும். மூலக்கோப்புகள் பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எழுதியவரை எட்ட முடியாத நாளிலும் இன்னொருவர் திருத்த முடியும். கட்டுரையின் தலையில் எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது, கடைசியாக எப்போது என்ற வரியும் வேண்டும். நாளை எங்களுக்கு நிதி கிடைத்தால், புதிய கட்டுரைகளுக்குச் சன்மானமாகப் பிரித்துக் கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் பழைய கட்டுரைகளை ஓட்டிப் பார்த்து, பிழையானவற்றை எழுதியவருக்குத் தெரிவிக்கும் ஒருவருக்கு அதைச் சம்பளமாகக் கொடுக்கச் சொல்வேன்.