உருளியா, குண்டானா, விறகடுப்பா: பிளம்ஸ் ஜாமில் தண்ணீர் வற்றும் கணக்கு

ஒரே கடையில் வாங்கிய பிளம்ஸ், ஒரே அளவு சர்க்கரை, அதே உருளி. சனிக்கிழமை முக்கால் மணி நேரத்தில் பதம் வந்த ஜாம், அடுத்த புதன்கிழமை ஒன்றேகால் மணி நேரம் கிண்டியும் கரண்டியிலிருந்து தண்ணியாகவே ஒழுகியது. பழி உடனே ஊட்டி மூடுபனி மேல் விழுந்தது. "இந்த ஈரக் காத்துல எப்படி வத்தும்" என்றார் அம்மா. எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை, பழத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை வைத்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். 5 லிட்டர் தண்ணீர், தளதளவென்று கொதி வந்ததிலிருந்து அரை மணி நேரம், முன்னும் பின்னும் தராசில் எடை.

எடைதான் முக்கியம். சூடாக இருக்கும்போது அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கொதிக்கிற தண்ணீர் ஆறும்போது மூன்றரை சதவீதம் போல சுருங்கும், 5 லிட்டரில் அதுவே 170 மில்லி.

முதலில் கேஸ் அடுப்பில் அகல உருளி. நன்றாக எரிகிற நாளில் இதை அடிக்க ஆளில்லை. அகல வாய் என்பதால்தான் சீக்கிரம் வற்றுகிறது என்று எல்லோரும் சொல்வோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. தளதளவென்று கொதிக்கும்போது எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே போகிற சூடு. வாய் அகலம் பெரிதாக உதவுவது கொதிக்காமல் லேசாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போது. கொதிக்கும்போது உருளிக்குக் கிடைக்கிற லாபம் வேறு: அடி அகலமாக இருப்பதால் தீ பக்கவாட்டில் ஓடிப் போகாது, சுவர் தாழ்வாக இருப்பதால் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகித் திரும்ப வடிவதும் குறைவு.

ஆனால் உருளியின் வேகம் சிலிண்டர் கையில் இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் மதியம் சிலிண்டர் தீர்ந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக மாறச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். குளிர் காலையில், அடியில் கொஞ்சமே மீதி இருக்கும்போது அழுத்தம் இறங்கி, தீ நீலமாகவே ஆனால் குட்டையாக எரியும். ஜனவரி உறைபனியில் ஊட்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம், மே மாத மழையில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அடுத்தது இண்டக்‌ஷனில் உயரமான ஸ்டீல் குண்டான். 2,000 வாட், அரை மணி நேரம், அதாவது சரியாக ஒரு யூனிட் கரண்ட். ஒரு யூனிட் சூடு முழுதும் தண்ணீருக்கே போனால் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆவியாக்கலாம். எனக்குப் போனது ஒன்றேகால் லிட்டர். உருளியைவிடக் குறைவுதான், ஆனால் மூன்று முறை செய்தும் ஒரு டம்ளருக்கு மேல் வித்தியாசம் இல்லை. என் ஓட்டு இதற்கே. மழைக்குக் கரண்ட் போனால் மட்டும் கதை கந்தல்.

பின்கட்டு விறகடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த சீகை விறகில் ஒருநாள் இரண்டு லிட்டர், ஈர விறகில் இன்னொரு நாள் அதில் பாதிகூட இல்லை. காற்று வேறு. ஆவியைத் தள்ளிக்கொண்டு போகிறதே நல்லதுதானே என்று தோன்றும், அதைவிட அதிகமாகத் தீயைத் தள்ளிக்கொண்டு போகும்.

சரி, மூடுபனி? தளதளக் கொதியில் அதன் பங்கு சொற்பம். மழையில் நனைந்த பழம் உள்ளேயே கூடுதல் தண்ணீரோடு வருவதைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

மேட்டுப்பாளையத்து அக்கா போனில் இன்னொரு குண்டைப் போட்டாள்: "உங்க ஊர்லதான் தண்ணி சீக்கிரமே கொதிச்சிருமே, அப்போ சீக்கிரம் வத்தணுமே?" 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், வாஸ்தவம். கொதி சீக்கிரம் வரும், ஆனால் அதற்குப் பிறகு ஒரு லிட்டரை ஆவியாக்க இங்கே தேவைப்படும் சூடு கீழே தேவைப்படுவதைவிட ஒரு துளி அதிகமே தவிர குறைவில்லை. குறைந்த சூட்டில் பழத்தோல் வேகவும் நேரம் எடுக்கும். ஜாம் 105 டிகிரியில் பதம் வரும் என்ற அக்காவின் கணக்கை நம்பி தெர்மாமீட்டரைப் பார்த்தபடி நான் கிண்டிய முதல் ஜாம், பாட்டிலில் ஸ்பூனை நட்டு வைத்தால் நிற்கிற மிட்டாய் ஆனது. தண்ணீர் கொதிக்கும் டிகிரியோடு ஐந்தைக் கூட்டுவதே ஜாம் கணக்கு, ஊட்டிக்கு அது 98.

நம்மை ஏமாற்றுகிற இன்னொன்று சதவீதம். வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் மால்ட் சாற்றை ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிடுவார்கள், அவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு மிஞ்சுகிறதே என்ற இதே புலம்பல் உண்டு. விவரமானவர்கள் மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் குறித்து வைப்பார்கள். அதே பாத்திரம், அதே தீயில் மணிக்கு 2 லிட்டர் போகிறது என்றால் 10 லிட்டரில் அது 20 சதவீதம், 5 லிட்டரில் 40. 'ஐந்தில் ஒரு பங்கு வற்றட்டும்' என்று சமையல் குறிப்பு எழுதியவர் எவ்வளவு போட்டார் என்பது தெரியாமல் நாம் கடிகாரத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

இப்போது என் வழக்கம் இரண்டும் கலந்தது. பழம் வேகும்வரை இண்டக்‌ஷனில் குண்டான், சர்க்கரை போட்ட பிறகு கேஸில் உருளி, ஏனென்றால் கடைசி இருபது நிமிடம் வேகமாக வற்றினால்தான் அந்தக் கருஞ்சிவப்பு நிறம் பழுப்பாகாமல் நிற்கும். கெட்டியானதும் கையில் தெறிக்கும், தீயைக் குறைத்தே ஆகவேண்டும், வற்றலும் அங்கே மெதுவாகிவிடும். 98 வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்க்கிறேன். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடுவேன். அம்மா இன்னும் ஜன்னலுக்கு வெளியே பனி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை அளக்கிறார்.