கூத்துப் பட்டறைக்குக் கலைஞர் கைவினைத் திட்டக் கடன்: வாங்கினவள் சொல்கிறேன்

தெருக்கூத்துக்குக் கிரீடமும் புஜகீர்த்தி என்கிற தோள் அணியும் செய்கிற பட்டறைக்காரர்கள் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடன் வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். மெஷின் வாங்க நினைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல திட்டம். ஆனால் பட்டறையை வருஷம் பூரா ஓட்டுவதற்கு வேண்டிய பணம் இதில் வராது. அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் பட்டறை காவேரிப்பட்டணம் பக்கம். அண்ணன் மரம் செதுக்குவார். உடுப்பு தைப்பது, கண்ணாடி ஒட்டுவது, கணக்கு வழக்கு எல்லாம் நான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவும் பாரதக் கூத்தும் இருக்கிறவரை எங்களுக்கு வேலை உண்டு. பட்டறை என் பேரில் இருப்பதால் நான்தான் விண்ணப்பித்தேன்.

திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. மொத்தம் 25 தொழில்கள். மர வேலையும் தையலும் அதில் அடக்கம் என்பதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. வயது 35 ஆகியிருக்க வேண்டும். கடன் 3 லட்சம் வரைக்கும் கேட்கலாம். அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. வட்டியிலும் 5 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள்: 2 லட்சம் வாங்கினாலே மானியம் 50,000 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் முழுக்க நம் கடன்தான். அதனால் நாங்கள் 2 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மாவட்டத் தொழில் மையத்தில் பொறுமையாகப் பேசினார்கள். கூத்து அணிகலனை எந்தத் தொழிலின் கீழ் போடுவது என்று அவர்களே யோசித்து மர வேலையில் பதியச் சொன்னார்கள். தடங்கல் வந்தது வங்கியில்தான். திட்ட அறிக்கையில் மரத்துக்கும் ஜிகினாவுக்கும் ஒரு தொகை எழுதியிருந்தேன். மேலாளர் அதில் விரலை வைத்து, "இதுக்கு ஜிஎஸ்டி கொட்டேஷன் எங்கம்மா?" என்றார். "கல்யாணமுருங்கை சார், வேலியில நிக்கிற மரம். தோட்டக்காரர்கிட்ட பேசி வெட்டுறது. அதுக்கு யாரு சார் பில் குடுப்பாங்க?" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு மெஷின்களுக்கு மட்டும் கடன் போட்டார்.

வந்த மெஷின்கள் நன்றாக உழைக்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜிக்சா கட்டர், தேய்க்கிற மெஷின், பாவாடைக்கு விளிம்பு அடிக்கிற ஜிக்ஜாக் மெஷின். புஜகீர்த்தி என்றால் இரண்டு தோளிலும் இறக்கை மாதிரி நிற்கிற அணி. ராத்திரி பத்து மணிக்குக் கட்டினால் விடிய விடிய அதோடுதான் ஆட வேண்டும், அதனால் எடை இருக்கவே கூடாது. கல்யாணமுருங்கையைத் தேடிப் போவது அதற்காகத்தான். காய்ந்துவிட்டால் கையில் தூக்கினால் மரம் என்றே தெரியாது. வெளி வடிவத்தை வாளால் அறுத்து எடுக்க அண்ணனுக்கு முன்பு அரை நாள் போகும், இப்போது கட்டரில் சீக்கிரம் முடிகிறது. உள்ளே வருகிற கிளியும் பூவும் இன்றைக்கும் உளியில்தான். அந்த மெத்தென்ற மரத்தில் மெஷின் பட்டால் நார் பிய்ந்துகொண்டு வரும். புளியங்கொட்டைப் பசை தடவி, கலர் தாள் ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதிப்பது முழுக்கக் கைவேலை. மிச்சமான நேரத்தை அண்ணன் செதுக்கலில் போடுகிறார். இந்த வருஷம் போன கிரீடங்களைப் பார்த்தால் அது தெரியும்.

எனக்கு மனசு ஒப்பாதது இரண்டு விஷயம்.

முதலாவது வயசு. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தபோது 18 வயசிலேயே சேரலாம், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்றார்கள். படிக்கிற பிள்ளையை அப்பன் தொழிலுக்கே திருப்பிவிடும் என்று தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. இங்கே குலம் கோத்திரம் கேட்காமல் 35 என்று வைத்தது அதனால்தான். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, என் பிள்ளைகளுக்கும் அதையேதான் விரும்புகிறேன். ஆனால் எங்கள் பட்டறையில் ஒரு பையன் இருக்கிறான். டிப்ளமோ முடித்தவன், வீட்டில் யாருக்கும் கூத்து தெரியாது. திருவிழாவில் பார்த்து ஆசைப்பட்டு வந்து உளி பிடித்தவன். அவன் தனியாகப் பட்டறை போட இன்னும் எத்தனையோ வருஷம் காத்திருக்க வேண்டும். தானாகத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு கதவு திறந்து வைக்கலாம்.

இரண்டாவது தவணை. எங்களுக்கு ஆர்டர் பொங்கலுக்குப் பிறகுதான் வரும். மாசியில் சூடு பிடித்து ஆடி வரைக்கும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பட்டறையில் பழுது பார்க்கிற வேலை மட்டும்தான். தவணையோ மாசா மாசம் ஒரே தொகை. பயிர்க்கடன் வாங்கின விவசாயி அறுவடை முடிந்துதானே கட்டுகிறார்? கூத்துக்கும் அறுவடை மாசம் இருக்கிறது. அதைப் பார்த்துத் தவணை வைத்தால் மழைக்காலத்தில் நகையை அடகு வைக்காமல் சமாளிக்கலாம்.

நிஜமாகவே இந்தத் தொழிலில் யாராவது பணம் போட வேண்டும் என்றால் அது அந்த மழைக்காலத்தில்தான். எங்கள் ஊரில் மாமரம் பூ எடுக்கும்போதே தோப்பைக் குத்தகை பேசி முன்பணம் கொடுக்கிற வியாபாரிகள் உண்டு. கூத்துப் பட்டறைக்கு அப்படி ஒருத்தர் இல்லை. ஜமா என்கிற கூத்துக் குழுவை நடத்துகிற வாத்தியார் கொடுக்கிற அட்வான்ஸ்தான் எங்களுக்கு இருக்கிற ஒரே முதலீடு, அவருக்கே கோயில்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்த பிறகுதான் கையில் காசு. இத்தனைக்கும் கம்பெனிகள் நிறைந்த ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை எங்களுக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். 2013 கம்பெனிச் சட்டத்தில் சமூகப் பொறுப்புச் செலவுக்கான பட்டியலிலேயே பாரம்பரியக் கலைகளும் கைவினையும் வருகின்றன. ஒரு கம்பெனி மனசு வைத்து ஐப்பசியில் பத்து ஜமாவுக்கு அணிகலன் ஆர்டர் கொடுத்தால் போதும், இரண்டு மாவட்டப் பட்டறைகளுக்கும் அந்த மாசங்களில் அடுப்பு எரியும். தானமாகக் கேட்கவில்லை, நாங்கள் பொருள் கொடுக்கிறோம்.

சரி, விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. மெஷினுக்கு முறையான கடையில் ஜிஎஸ்டி எண்ணோடு கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள். மரம், தாள், கண்ணாடிச் செலவைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடனை நம்ப வேண்டாம். செய்த கிரீடம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோவைவிட அதற்கு மதிப்பு அதிகம். அப்புறம், ஆவணியிலேயே மனு போட்டுவிடுங்கள். வங்கி இழுத்தாலும் மாசிக்குள் மெஷின் வந்து சேரும்.