இரண்டு சிட்னிகள்: சீனாவில் தங்கியவரும் திரும்பியவரும்

சீனாவில் வாழ்ந்த அமெரிக்கர்களில் சிட்னி ஷாபிரோவையும் சிட்னி ரிட்டன்பர்க்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உலக அதிகாரம் சீனாவின் பக்கம் இடம்மாறியதை உள்ளிருந்து கண்ட இரு வேறு பார்வைகள் கிடைக்கின்றன.

நியூயார்க் வழக்கறிஞரான ஷாபிரோ 1947இல் ஷாங்காய் வந்து, 1963இல், அதாவது சீனாவைச் சூறையாடிய பெரும்பஞ்சம் ஓய்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், சீனக் குடியுரிமை பெற்றார். சீன இலக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, அரசுக்கு ஆலோசனை கூறும் அமைப்பான மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டில் உறுப்பினராகி, 2014இல் பெய்ஜிங்கிலேயே மறைந்தார்.

ரிட்டன்பர்க்கின் கதை சிக்கலானது. 1945இல் அமெரிக்க ராணுவ வீரராக வந்து, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே சேர்ந்த அவர், ஒற்றர் என்ற சந்தேகம் உள்ளிட்ட காரணங்களால் இருமுறை கைதாகி, மொத்தம் 16 ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1980இல் தாயகம் திரும்பிய பின், தம்மை அடைத்துவைத்த அதே நாட்டின் சந்தைக்குள் அமெரிக்க நிறுவனங்கள் நுழைய ஆலோசனை வழங்குவதே அவருக்குத் தொழிலாயிற்று. முதலாளித்துவத்தை எதிர்த்துப் புறப்பட்டவருக்கு இப்படியொரு முடிவு!

சீனாவின் எழுச்சியை எடைபோட ரிட்டன்பர்க்கின் சாட்சியமே கனமானது என்பது என் எண்ணம். அந்த அரசின் வணிக வலிமையையும் தண்டிக்கும் வலிமையையும் அவர் ஒருசேர அறிந்தவர். ஆனால், லாபம் தேடிப் பின்னாளில் குவிந்த வெளிநாட்டினரோடு ஷாபிரோவைச் சேர்த்துவிட முடியாது. சீனா ஏழையாக இருந்தபோதே அதைத் தேர்ந்துகொண்டவர் அவர்.