கூகுள் கிளவுட் ரன்: இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டுவிடாதீர்கள்

பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரைப் பராமரிக்க ஆள் இல்லாத சிறு குழுக்கள் தங்கள் செயலியைக் கன்டெய்னராக (செயலியும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய தொகுப்பாக) இணையத்தில் ஏற்றுவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது கூகுள் கிளவுட் ரன் சேவையைத்தான். 2019 ஏப்ரலில் பீட்டாவாக அறிமுகமாகி, அதே ஆண்டு நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இச்சேவை, கோரிக்கை எதுவும் வராத நேரத்தில் இன்ஸ்டன்ஸ்களின் (ஓடிக்கொண்டிருக்கும் செயலிப் பிரதிகளின்) எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்துக்கே இறக்கிவிடுகிறது. மாதத்துக்கு 20 லட்சம் கோரிக்கைகள் வரை இலவச வரம்புக்குள் அடங்குவதால், சிறிய செயலிகளுக்குச் செலவு பெரும்பாலும் ஒரு பொருட்டாக இருப்பதில்லை.

கன்டெய்னரிடம் இது எதிர்பார்ப்பது மிகக் குறைவு. 'போர்ட்' என்ற சூழல் மாறியில் (தளம் செயலிக்குத் தரும் அமைப்பு மதிப்பில்) தரப்படும் எண்ணில், வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் 8080-இல், செயலி 0.0.0.0 முகவரியில் காத்திருந்தால் போதும். அதே கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருக்கும் செயலி, சொந்தக் கணினியில் சரியாக ஓடினாலும் இங்கே தொடங்காது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுள்ள மடிக்கணினியில் இமேஜை (கன்டெய்னருக்கான மூலக் கோப்பை) உருவாக்குவோர், 64 பிட் இன்டெல் வகை லினக்ஸுக்கானது என்று பில்டின்போதே குறிப்பிட்டாக வேண்டும்.

இவ்வளவு எளிமையாகத் தொடங்கிவிடுவதால், நாம் எதுவும் மாற்றாவிட்டால் தளம் தானாக எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்புகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே என் முதன்மையான கவலை. ஒரு இன்ஸ்டன்ஸ் ஒரே நேரத்தில் ஏற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை பொதுவாக 80 என்று தொடங்குகிறது. நினைவகம் 512 மெபிபைட்டாக இருக்கிறது. ஒரு வொர்க்கரும் எட்டுத் திரெடுகளும் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் எட்டுக் கோரிக்கைகளையே கவனிக்கக்கூடிய, பைத்தான் செயலிக்கு 80 கோரிக்கைகளை அனுப்பினால் எட்டு மட்டுமே நடக்கும், மீதி 72-உம் உள்ளேயே வரிசையில் நிற்கும். ஆனால் 80-ஐ எட்டும்வரை தளத்தின் கணக்கில் அந்த இன்ஸ்டன்ஸ் நிரம்பியதாகாது. இந்த எண்ணைச் செயலியின் உண்மையான திறனுக்கேற்ப இறக்கி அமைத்தால்தான் புதிய இன்ஸ்டன்ஸ்கள் உரிய நேரத்தில் எழும்.

அப்படி இறக்கும்போது தரவுத்தளத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் பத்து இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ள, இன்ஸ்டன்ஸ்கள் நூறு வரை பெருக அனுமதி இருந்தால், ஆயிரம் இணைப்புகள் ஒரே தரவுத்தளத்தின் மீது விழும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக ஏற்பதோ 100 இணைப்புகளைத்தான். ஆகவே இன்ஸ்டன்ஸ்களின் உச்ச வரம்பைத் தரவுத்தளம் தாங்கும் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வைப்பதே சரியான முறை.

நினைவகத்திலும் கவனம் தேவை. கன்டெய்னருக்குள் எழுதப்படும் கோப்புகள் வட்டில் அல்ல, நினைவகத்திலேயே சேமிக்கப்படுகின்றன. பதிவேற்றப்படும் படங்களைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்துவிட்டு அழிக்காமல் விடும் செயலி, தன் ஒதுக்கீட்டைத் தானே தின்று தீர்த்து நிறுத்தப்படும். அதேபோல, கோரிக்கை அடிப்படையிலான கட்டண முறையில், பதில் அனுப்பி முடித்ததும் செயலிக்குக் கிடைக்கும் சிபியு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பதிலுக்குப் பிறகு பின்னணியில் மின்னஞ்சல் அனுப்பும் பழக்கமுள்ள செயலிகள் இன்ஸ்டன்ஸ் அடிப்படையிலான கட்டணத்துக்கு மாற வேண்டும், அல்லது அந்த வேலையை, வேலைகளை வரிசையில் வைத்து முடிக்கும் தனிச் சேவையிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்கு இரண்டாவதே உகந்ததாகப் படுகிறது.

2023-இல் வந்த, முதன்மைக் கன்டெய்னரோடு துணைக் கன்டெய்னர்களையும் ஓட்டும் சைட்கார் வசதிதான் இச்சேவையின் மதிப்பை உண்மையில் உயர்த்தியது. செயலிக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ், பக்கத்தில் செயல்பாட்டுத் தரவைத் திரட்டும் ஓப்பன்டெலிமெட்ரி சேகரிப்பான் என்று, ஒரே இன்ஸ்டன்ஸில் பத்துக் கன்டெய்னர்கள் வரை சேர்த்து ஓட்டலாம். வெளியிலிருந்து கோரிக்கையைப் பெறுவது அவற்றில் ஒன்று மட்டுமே. மற்றவை லோக்கல்ஹோஸ்ட் என்ற உள்முகவரி வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. பல கன்டெய்னர்கள் இருக்கும்போது இயல்பான போர்ட் எண் கிடையாது என்பதால், நுழைவாயிலாக இருக்கும் கன்டெய்னருக்கு மட்டும் அதைக் குறிப்பிட வேண்டும். எது எதற்கு முன்னால் தொடங்க வேண்டும் என்று சார்பு வரிசையை எழுதலாம். ஆனால் முன்னால் தொடங்கும் கன்டெய்னருக்குத் தொடக்கநிலைச் சோதனையையும் அமைத்தாக வேண்டும், இல்லையெனில் அது தயாராகிவிட்டதா என்பது தளத்துக்குத் தெரிய வழியில்லை. நினைவகமும் சிபியுவும் கன்டெய்னர்வாரியாக ஒதுக்கப்படுவதால், லாக் சேகரிக்கும் சிறு துணைக்கும் செயலிக்கும் ஒரே அளவைக் கொடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் வலைத்திரைப் படிவத்தில் நிரப்பாமல், யாமல் என்ற எளிய எழுத்து வடிவக் கோப்பில் எழுதி, நிரல்களோடு சேர்த்துக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் வைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்துவேன். கேநேட்டிவ் என்ற திறமூலத் திட்டத்தின் வடிவத்தையே அந்தக் கோப்பு பின்பற்றுவதால், வேறிடத்துக்கு மாற நேர்ந்தாலும் பெரும்பகுதி கைகொடுக்கும். கடவுச்சொற்களை அதில் எழுதாமல், கூகுளின் ரகசியச் சேமிப்புச் சேவையான சீக்ரெட் மேனேஜரைச் சுட்டுங்கள். சூழல் மாறியாகத் தரப்படும் ரகசியம் இன்ஸ்டன்ஸ் தொடங்கும்போது மட்டுமே படிக்கப்படுவதால், பின்னர் மாற்றப்படும் கடவுச்சொல் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸுக்குப் போய்ச் சேராது. கோப்பாக இணைத்தால், படிக்கும் ஒவ்வொரு முறையும் மதிப்பு புதிதாகப் பெறப்படுகிறது.

ஒவ்வொரு மாற்றமும் தனி ரிவிஷனாக (பதிப்பாக) பதிவாவதும், புதியதற்குப் பத்து விழுக்காடு போக்குவரத்தை மட்டும் அனுப்பிப் பார்த்து, பிழை தெரிந்தால் உடனே பழையதற்குத் திரும்ப முடிவதும் பெரிய நிம்மதி. தனியாக எதையும் குறிப்பிடாவிட்டால், கூகுளின் மெய்நிகர் கணினிச் சேவையான கம்ப்யூட் என்ஜினின் பொதுவான சர்வீஸ் அக்கவுண்டின் (மனிதருக்கல்லாமல் செயலிகளுக்கான கணக்கின்) பெயரிலேயே செயலி ஓடுகிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பல பழைய புராஜெக்டுகளில் அந்த அக்கவுண்டுக்கு, புராஜெக்டில் பெரும்பாலானவற்றை மாற்றவல்ல எடிட்டர் உரிமையே இருக்கும். முதல் டிப்ளாய்மென்டுக்கு முன்பே, தேவையான உரிமைகள் மட்டும் கொண்ட தனி அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கி, அதன் பெயரை யாமல் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.