நிலையான ஐபி போட்டாச்சு, டிஎன்எஸ்ஸை எங்கே எழுதுவது?

லினக்ஸ் கணினிக்கு நிலையான ஐபி கொடுத்த பிறகு, 8.8.8.8-ஐ பிங் செய்தால் பதில் வருகிறது. ஏதாவதொரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்று நிற்கிறது. இப்படி இருந்தால் கேபிளையும் கேட்வேயையும் சந்தேகப்பட வேண்டாம். ஐபியைத் தானாகவே வழங்கும் டிஎச்சிபி இருந்தவரை, ஐபியோடு சேர்த்து, தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியையும் அதுவே கொடுத்து வந்தது. அதை நிறுத்திவிட்டால் அந்த முகவரியை நாம்தான் எழுத வேண்டும். எங்கே எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

பலரும் முதலில் சொல்வது, டிஎன்எஸ் முகவரிகள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைத் திறந்து 'நேம்சர்வர் 1.1.1.1' என்று ஒரு வரி சேர்ப்பது. உடனே வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. கோளாறு டிஎன்எஸ்ஸில்தானா என்று உறுதிசெய்ய இது வேகமான வழி. ஆனால் உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் இந்த ஃபைல் பெரும்பாலும் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு. உள்ளே இருப்பதை எழுதுவது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை. வேறு சில கணினிகளில், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர். கணினியை ரீபூட் செய்ததும் நீங்கள் சேர்த்த வரி காணாமல் போகும். அங்கே 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அது பிழை இல்லை; ரிசால்வ்டு உங்கள் கணினிக்குள்ளேயே காத்திருக்கும் முகவரி அது. அது யாரிடம் கேட்டுச் சொல்கிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும்.

வரி அழிகிறதே என்று, சிம்லிங்க்கை நீக்கிவிட்டு புது ஃபைல் வைத்து, சேட்டர் கமாண்டால் பூட்டிவிடுவது அடுத்த வழி. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விபிஎன் தன் டிஎன்எஸ்ஸை அங்கே எழுத முடியாமல் திணறும். அப்புறம் வேறொருவர் வந்து ரூட்டாக நுழைந்தும் அந்த ஃபைலை மாற்ற முடியவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

ரிசால்வ்டின் சொந்த கான்ஃபிக் ஃபைலில் எழுதலாம், அது நிலைக்கும். ஆனால் அது ஈதர்நெட், வைஃபை என்று எல்லா இடைமுகங்களுக்கும் பொதுவானது. இடைமுகத்துக்கென்று தனி டிஎன்எஸ்ஸும் இருந்தால் இரண்டும் கலந்து குழப்பும்.

என் கட்சி இதுதான்: நிலையான ஐபியை எங்கே எழுதினீர்களோ, டிஎன்எஸ்ஸையும் அங்கேயே எழுதுங்கள். நெட்வொர்க் மேனேஜரில் என்றால் அதன் கமாண்டான என்எம்சிஎல்ஐ மூலம் அந்த இணைப்பின் 'ஐபிவி4.டிஎன்எஸ்' மதிப்பை மாற்றி, இணைப்பை மறுபடி 'அப்' செய்தால் போதும். ஒய்ஏஎம்எல் ஃபைலில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் என்றால், அந்த ஃபைலில் அதே இடைமுகத்தின் கீழே 'நேம்சர்வர்ஸ்', அதற்குள் 'அட்ரசஸ்'. உள்தள்ளல் ஒரு இடம் பிசகினாலும் ஏற்காது. தொலைவிலிருக்கும் கணினியில் 'நெட்பிளான் அப்ளை' போடாமல் 'நெட்பிளான் டிரை' போடுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

டெபியனின் பழைய இன்டர்ஃபேசஸ் ஃபைல் தனி ரகம். அதில் 'டிஎன்எஸ்-நேம்சர்வர்ஸ்' வரி எழுதினாலும் ரிசால்வ்கான்ஃப் பேக்கேஜ் நிறுவியிருந்தால்தான் பலிக்கும். இல்லையென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது, சும்மா விட்டுவிடும். அந்த பேக்கேஜும் இல்லை, ரிசால்வ்.கான்ஃபை எழுத வேறு யாரும் இல்லை என்றால், அந்தக் கணினிக்கு முதல் வழியே சரியான வழி.

எந்த வழியில் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உள் நெட்வொர்க்கின் சர்வரை முதலிலும் 8.8.8.8-ஐ இரண்டாவதாகவும் போட்டால், முதலாவதில் கிடைக்காத பெயரை இரண்டாவதிடம் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. 'அப்படியொரு பெயரே இல்லை' என்பதும் பதில்தான். அதோடு தேடல் முடிந்துவிடும். முதல் சர்வர் பதிலே தராமல் போனாலோ, தன்னால் தேட முடியவில்லை என்று பிழை சொன்னாலோதான் அடுத்தது. நிரல்கள் பெயர் தேடப் பயன்படுத்தும் நூலகமான ஜிலிப்சி வழக்கமாக 5 வினாடி காத்திருந்து அடுத்ததற்குப் போகும், மூன்று நேம்சர்வருக்கு மேல் பார்க்காது.

மாற்றிய பிறகு சோதிக்க, டிஎன்எஸ் சர்வரிடம் நேரே கேட்கும் டிக் கமாண்ட் மட்டும் போதாது. கணினியிலேயே பெயர்-ஐபி பட்டியல் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும், பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபையும் அது பார்ப்பதில்லை. மற்ற நிரல்கள் போகும் பாதையிலேயே 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கமாண்ட் போகும். டிக்கில் பதில் வந்து கெட்என்டில் வராவிட்டால், என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபின் ஹோஸ்ட்ஸ் வரியில் 'டிஎன்எஸ்' அல்லது 'ரிசால்வ்' இருக்கிறதா என்று பாருங்கள்.