அபாஸ்ட்ரபி: கொக்கியா, கூப்பிடுதலா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கடைப் பலகை. ஆங்கிலத்தில் 'மேங்கோஸ்' என்று எழுதி, எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கொக்கி. "இதுவும் அபாஸ்ட்ரபி, கவிதைப் பாடத்துல வர்றதும் அபாஸ்ட்ரபியாப்பா?" என்றாள் மகள்.

வேர்: இரண்டுக்கும் கிரேக்கம்தான். 'அபோ' என்றால் விலகி, 'ஸ்ட்ரெபெய்ன்' என்றால் திரும்புதல். பேச்சாளர் எதிரே இருப்பவரை விட்டு, அங்கே இல்லாதவரிடம் திரும்பிப் பேசினால் அணி. எழுத்து விலகிய இடத்தைக் காட்டினால் குறி. குறியின் பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில்: அணி நமக்குப் பழக்கம். வறண்ட ஏரிக்கரையில் நின்று, "காவிரியே, ஒகேனக்கல்லோடு போய்விட்டாயே" என்று புலம்பினால் அதுதான். குறிக்கு இங்கே அவ்வளவு வேலையில்லை.

பிழை: குறியில்தான் அதிகம். உடைமைக்குப் போடலாம், விட்ட எழுத்துக்குப் போடலாம். வெறும் பன்மைக்குக் கூடாது.

மேடைக்கும் கவிதைக்கும் கூப்பிடுதல். கடைப் பலகைக்கு, சரி, கொக்கி. மாம்பழத்துக்கு அதுவும் வேண்டாம்.